பொதியோடு வந்தவர்களும் திரும்பி வந்தவர்களும்

வாசகர் கேள்வி – பதில்

கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் தாமே முன்னின்று நடத்தும் அறப்பணிகளையும் சமூகப் பணிகளையும் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வன்னியிலிருந்தே வந்தன. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் இத்தகைய மாணவர் குழுக்கள் பலவற்றை நாம் நம் முற்றங்களில் வரவேற்றிருக்கிறோம். இப்போது நம்முடைய பிள்ளைகளே பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, அதே பணியைப் பிறருக்குச் செய்யப் புறப்படுகிறார்கள். வரிசையில் நின்று வாங்கியதை இன்னும் மறக்காத ஒரு தலைமுறை கொடுக்கத் தொடங்கும் இந்த வேளையில், இம்முறை பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவி): கத்தோலிக்க மாணவர்களின் சேவை என்றால் குருக்களும் அருட்சகோதரிகளும் சொல்வதை மாணவர்கள் செய்வது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். மாணவர்கள் தாமாகவே தொடங்கிய பணி உண்மையில் உண்டா?

பதில்: உண்டு, தங்கச்சி. நம் பங்குகள் பலவற்றில் இன்றும் இயங்கிவரும் ஒரு சபையே அப்படித் தொடங்கியதுதான். புனித வின்சென்ட் டி போல் சபை என்றதும், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோயில் வாசலில் உண்டியலோடு நிற்கும் நரைத்த தலைகளே நமக்கு நினைவுக்கு வருகின்றன. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவராகிய பிரெடெரிக் ஒசானாம் அப்போது பாரிஸ் நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி பிறந்த அவருக்கு, 1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி அந்தச் சபையின் முதற்கூட்டம் நடந்த நாளில்தான் இருபது வயது நிறைந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் ஆறு மாணவர்களும், அவர்களுக்குத் தம் பத்திரிகை அலுவலகத்தில் இடங்கொடுத்த இம்மானுவேல் பாயி என்ற மூத்தவர் ஒருவரும் மாத்திரமே.

தொடக்கத்துக்குக் காரணமாக இருந்தது ஒரு விவாதம். மாணவர்கள் கூடி வரலாற்றைப் பற்றி வாதிடும் மன்றமொன்றில், திருச்சபை பழங்காலத்தில் ஏழைகளுக்குச் செய்த நன்மைகளை ஒசானாமும் நண்பர்களும் எடுத்துரைத்தபோது, எதிர்த்தரப்பில் இருந்த ஒருவர், அது பழைய கதை, இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கு முந்திய ஆண்டில்தான் பாரிஸ் நகரம் கொலரா நோயால் அழிந்துபோயிருந்தது. அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாது என்பதை உணர்ந்த ஒசானாம், நண்பர் ஒருவருடன் சேர்ந்து, தங்களிடம் எஞ்சியிருந்த விறகை ஒரு வறிய குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொடுவது விறகைப் பற்றிய பகுதியன்று, அதற்குப் பின்னர் நடந்தது. எங்கே போவது, யாரிடம் போவது என்று அந்த இளைஞர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே முஃபெத்தார் என்ற வறிய பகுதியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றிவந்த ரோசலி ரான்டு என்ற அருட்சகோதரியிடம் சென்றார்கள். எந்த வீட்டுக்குப் போகவேண்டும், வாசலில் நின்று பேசாமல் உள்ளே அமர்ந்து எப்படிப் பேசவேண்டும், பாணுக்கான சீட்டை எவ்வாறு தலைகுனிவு நேராமல் கையில் கொடுக்கவேண்டும் என்பதையெல்லாம் அவரிடமிருந்தே கற்றார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு இரு பகுதிகளாகப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. முடிவெடுத்ததும் நடத்தியதும் மாணவர்கள். வழி காட்டியவர் அந்த மக்களிடையே முதுமை எய்திக்கொண்டிருந்த ஒரு பெண். ஒசானாம் பின்னர் பேராசிரியராகி, 1853இல் நாற்பதாவது வயதில் காலமானார். 1997ஆம் ஆண்டு உலக இளையோர் நாட்களின்போது, அதே பாரிஸ் நகரில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை, புனிதர் நிலைக்கு முந்திய படியாகிய முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். உங்கள் பங்கில் இந்தச் சபை இருக்குமானால் அடுத்த கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இளையவர்கள் வரமாட்டார்களா என்று அங்குள்ள பெரியவர்கள் நெடுநாளாக ஏங்கிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்): மாணவர் குழுவொன்று எங்கள் கிராமத்துக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பைகளைக் கொடுத்தது. என் மகன் பையுடன் நிற்கும் படத்தை முகநூலில் போட்டிருந்தார்கள். அதை வகுப்பில் ஒருவன் காட்டியதால் மகன் அந்தப் பையைத் தொடவே மறுக்கிறான். இனிமேல் இப்படி வருபவர்களிடம் வாங்காமல் விடுவதா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நான் பலமுறை வாசித்தேன், ஏனென்றால் அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து 2010ஆம் ஆண்டில் எங்கள் காணிக்குத் திரும்பியபோது, நான்கு தடிகளும் ஒரு தறப்பாளும் சில தகரங்களுமே எங்கள் வீடு. அந்த நாட்களில் ஒரு மாணவர் குழு லொறியில் வந்தது. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள், பெயர் வாசிக்கப்பட்டது, ஒவ்வொரு பிள்ளையும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கமெராவைப் பார்க்கவேண்டும். என் அயல் வீட்டுச் சிறுமி சிரிக்கவில்லை என்பதால் அவளை இரண்டாவது முறை நிற்கச் சொன்னார்கள். அந்தப் போரில் தன் தகப்பனை இழந்தவள் அவள். அன்று அந்த மாணவர்களின் மனத்தில் தீமை எதுவும் இருக்கவில்லை என்பதை நான் இன்றும் நம்புகிறேன். இரவு முழுவதும் பயணஞ்செய்து வந்த களைப்பு அவர்கள் முகங்களில் இருந்தது. ஆனால் நன்கொடை தந்தவர்களுக்கு அவர்கள் காட்டவேண்டிய சான்று எங்கள் பிள்ளைகளின் முகமாக இருந்தது. அந்தச் சான்றுக்கான விலையைக் கொடுத்தவள் அந்தச் சிறுமி.

அடுத்த ஆண்டில் வேறு இருவர் வந்தார்கள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. பாயில் அமர்ந்து, வெறுந்தேநீர் குடித்து, பிள்ளைகளுக்கு எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் ஒரு கூட்டம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை நால்வராக வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். மழையில் வாய்க்கால் பெருகி வழி மூடிய இரண்டு வாரங்கள் தவிர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தச் சிறுமி கணிதத்தில் சித்தியடைந்தது அவர்களால்தான். அவர்களில் ஒருவருடைய படம்கூட எங்களிடம் இல்லை, எங்களுடைய படமும் அவர்களிடம் இருக்காது.

ஆகவே வாங்காமல் விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பை தேவையென்றால் வாங்கத்தான் வேண்டும். இல்லாமை எவருடைய குற்றமுமன்று என்பதை மகனுக்கு நீங்கள் சொல்லுங்கள், தந்தையோ மாமனோ இருந்தால் அவர்களும் சொல்லட்டும். ஆனால் படம் எடுக்க விடுவதும் விடாததும் உங்கள் உரிமை. பொருளைப் பெறுவதற்கு அது நிபந்தனையாக இருக்கவே முடியாது. அடுத்த முறை குழுவொன்று வரும்போது, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பொருட்களைப் பாடசாலை அதிபரிடமோ சங்கத்திடமோ ஒப்படைத்து, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு போகட்டும், நன்கொடையாளருக்கு அந்தச் சீட்டைக் காட்டலாம். ஏற்கெனவே போட்ட படத்தை நீக்கும்படி அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நல்ல பிள்ளைகளாக இருந்தால் அன்றே நீக்கிவிடுவார்கள், மன்னிப்பும் கேட்பார்கள்.

கேள்வி (மல்லாவியிலிருந்து ஒரு தந்தை): என் மகளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே சமூகப் பணிக்கு மணித்தியாலக் கணக்கு உண்டு, அதை முடிக்காமல் பட்டம் கிடைக்காது என்கிறார்கள். கட்டாயத்தின் பேரில் செய்வது எப்படிச் சேவையாகும்?

பதில்: கேள்வி நியாயமானது. இந்தியாவில் இந்த வழக்கம் கத்தோலிக்க நிறுவனங்களுக்கு மாத்திரம் உரியதன்று. காந்தியின் நூற்றாண்டான 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. கத்தோலிக்க நிறுவனங்கள் தமக்கென்று தனி ஏற்பாடுகளையும் வைத்துக்கொண்டன. சென்னை லொயோலாக் கல்லூரியில் மாணவர்கள் நகரின் குடிசைப் பகுதிகளுக்குச் செல்லும் களப்பணி படிப்பின் ஒரு பகுதி. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அயற்கிராமங்களுக்கான பணிக்கு ஷெப்பர்ட் என்றொரு பிரிவே இருக்கிறது. பெங்களூர் கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தின் சமூகச் செயற்பாட்டு மையம் மாணவத் தொண்டர்களைக் கொண்டே இயங்குகிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990இல் வெளியிட்ட திருத்தூதுச் சாசனமும், சமூக நீதிக்காகப் பிறருக்குப் பணி செய்யும் மனத்தை மாணவர்களிடம் வளர்ப்பது அந்நிறுவனங்களின் கடமை என்றே கூறுகிறது.

கட்டாயம் ஒருவரை வாசல்வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். நம் ஊரில் எந்தப் பிள்ளையும் முதன்முதலில் தானாக விரும்பி மறைக்கல்வி வகுப்புக்குப் போனதில்லை; சிரமதானத்துக்குப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர்களும் நாமே. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் தலைவராக இருந்த பீற்றர் ஹான்ஸ் கொல்வென்பாக், 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சாந்தா கிளாராப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், பிறர் துன்பத்தில் பங்குகொள்ளும் மனம் கருத்துகளைக் கற்பதால் வருவதைவிட, துன்புறுபவரை நேரில் தொட்டு அறிவதால்தான் வருகிறது என்ற பொருள்படப் பேசினார். மகளுக்கு அந்த மணித்தியாலங்கள் அதற்கு வாய்ப்பளிக்குமாக இருந்தால் நல்லது. உங்கள் மகள் வன்னியிலிருந்து போகிறவள் என்பதையும் மறக்கவேண்டாம். குடிசையில் இருப்பவர்களுக்கு என்ன சொல்லக்கூடாது என்பது அவளுக்கு அங்குள்ள பல மாணவிகளைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

கேள்வி (முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகர்): நான் சைவன். கத்தோலிக்க மாணவர்கள் எங்கள் கிராமத்தில் இலவச வகுப்பு நடத்த அனுமதி கேட்கிறார்கள். பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்கள் என்று சிலர் தடுக்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

பதில்: அச்சப்படுபவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். நிவாரணப் பொருளோடு மதத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் சிலரை வன்னி பார்த்திருக்கிறது, அந்த நினைவு எளிதில் போகாது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பற்றித் தெளிவான நிலைப்பாட்டைக் கொண்டிருக்கிறது. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையாகிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி வெளியிட்ட சமய சுதந்திரம் பற்றிய அறிக்கை, சமயத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலோ நேர்மையற்ற தூண்டுதலோ இருக்கக்கூடாது என்றும், வறியவர்களிடமும் கல்வி குறைந்தவர்களிடமும் இதில் சிறப்பான கவனம் வேண்டும் என்றும் கூறுகிறது. வந்து கேட்கும் மாணவர்களிடம் இதை எடுத்துச் சொல்லி, வகுப்பில் செபமோ பிரசங்கமோ இருக்காது என்ற உறுதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வகுப்பைப் பொதுநோக்கு மண்டபத்தில் வையுங்கள். பெற்றோர் எவரும் எந்நேரமும் வந்து அமரலாம் என்று இருக்கட்டும். வற்றாப்பளைப் பொங்கலின்போது வகுப்பை நிறுத்திவைக்க அவர்களே முன்வந்தால் அவர்களை நம்பலாம் என்பது என் எண்ணம். மடு மாதாவிடம் நேர்த்தி வைத்துப் போகும் சைவர்களும் அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் கத்தோலிக்கரும் வாழும் மண் இது.

கேள்வி (வவுனியாவிலிருந்து மாணவர் குழுவொன்று): நாங்கள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பதினைந்து கத்தோலிக்க மாணவர்கள். நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமமொன்றில் ஏதாவது செய்ய விரும்புகிறோம். கையில் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பணம் இல்லாதது உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு என்றே கருதுங்கள், தம்பிமாரே, தங்கச்சிமாரே. பணம் இருந்திருந்தால் இதற்குள் எதையாவது வாங்கி முடித்திருப்பீர்கள்.

உங்களுடையது அரச பல்கலைக்கழகம்; வன்னியில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. ஆயினும் பிற நாடுகளில் கத்தோலிக்க மாணவர்கள் பட்டறிந்து கற்றவற்றை நீங்கள் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். சிலி நாட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் தகரக் கொட்டில்களை நினைவூட்டுகிறது. 1997ஆம் ஆண்டில் பெலிப்பே பெரியோஸ் என்ற இயேசு சபைக் குருவுடன் சில பல்கலைக்கழக மாணவர்கள் குரானிலாவே என்ற வறிய நகருக்குச் சென்றார்கள். அங்கு குடும்பங்கள் இருந்த நிலையைக் கண்டு, மரப்பலகைகளை இணைத்து ஓரிரு நாட்களில் எழுப்பக்கூடிய, பதினெட்டுச் சதுர மீட்டர் பரப்புள்ள சிறு வீடுகளைக் குடும்பத்தினருடன் சேர்ந்து கட்டத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் டெச்சோ என்ற பெயரில் இலத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவிய இயக்கம். பதினெட்டுச் சதுர மீட்டர் என்றால் என்ன என்பது நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அதைவிடச் சிறிய இடத்தில் இரண்டு குடும்பங்களாக நாம் இருந்திருக்கிறோம். காலப்போக்கில் அந்த மாணவர்கள் கண்ட உண்மை, வீடு கட்டிக் கொடுத்ததும் வேலை முடிவதில்லை என்பது. குடியிருப்பு மக்களின் குழுக்களோடு வாரந்தோறும் அமர்ந்து, நிலையான வீடு, கல்வி, தொழில் என்று அவர்கள் சொல்லும் ஒழுங்கில் பணியைத் தொடரும் முறைக்கு அவர்கள் வந்துசேர்ந்தார்கள்.

ஆகவே முதல் மூன்று தடவைகள் எந்த வாக்குறுதியும் கொடுக்காமல் கிராமத்துக்குப் போய் வாருங்கள். பதினைந்து பேரும் ஒன்றாகப் போகவேண்டாம், அது கூட்டம் கூட்டுவதாகிவிடும், மூவர் போதும். இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு, பெல்ஜிய நாட்டுக் குருவாகிய யோசேப் கார்டைன் வகுத்த பார், சிந்தி, செயற்படு என்ற முறை தெரிந்திருக்கும். நம் குழுக்களில் பெரும்பாலானவை முதலிரண்டையும் பேருந்திலேயே முடித்துவிட்டு மூன்றாவதோடு இறங்குகின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் உள்ளவர்களிடம் பேசுங்கள். ஆண்கள் சொல்லாத பலவற்றை அவர்கள் சொல்வார்கள். நுண்கடன் வசூலிக்க வருபவர்கள் எந்தக் கிழமையில் வருகிறார்கள், யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பவை தெரியாமல் அந்தக் கிராமத்துக்கு எதையும் திட்டமிட முடியாது.

பெரும்பாலும் அவர்கள் கேட்கப்போவது பிள்ளைகளுக்கான கணிதமும் ஆங்கிலமும் விஞ்ஞானமுமாகத்தான் இருக்கும். மணிலாவில் உள்ள அத்தெனேயோ கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் அரச பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் துலோங் துனோங் என்ற திட்டத்தை நீண்ட காலமாக நடத்தி வருகிறார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது அதன் எளிமையும் தொடர்ச்சியும்: குறித்த பிள்ளைகள், குறித்த நாள், குறித்த மாணவர். நீங்களும் ஐந்து பேராக மூன்று அணி அமையுங்கள். ஒவ்வோர் அணிக்கும் மூன்று வாரங்களுக்கு ஒரு சனிக்கிழமை வரும். பம்பைமடுவிலிருந்து வவுனியா நகருக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து புளியங்குளம் தாண்டி நெடுங்கேணிக்கு இன்னொன்று என்று போகவேண்டிய பயணத்தை வாரந்தோறும் ஒரே ஐவர் தாங்கமாட்டார்கள். இரண்டாவது மாதத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வைத்து, இன்று எதுவரை படித்தது, எங்கே தடுமாறியது என்று எழுதி அடுத்த அணிக்குக் கொடுங்கள். குழுவில் பாதிப்பேராவது முதலாம், இரண்டாம் வருட மாணவர்களாக இருக்கட்டும். இறுதி வருட மாணவர்களை மாத்திரம் நம்பித் தொடங்கிய எத்தனையோ வகுப்புகள் பட்டமளிப்பு விழாவோடு நின்றுபோனதை நான் கண்டிருக்கிறேன், அப்படி நின்றபோது வழியைப் பார்த்துக்கொண்டு கொப்பியோடு இருந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். தொடங்காமல் இருந்திருந்தால் அந்த ஏமாற்றமாவது நேர்ந்திருக்காது.

காலபோக விதைப்பின்போதும் அறுவடையின்போதும் பெரிய பிள்ளைகள் வயலில் இருப்பார்கள். வரவு குறைந்துவிட்டது என்று மனம் தளராமல் அந்த வாரங்களில் நேரத்தை மாற்றுங்கள். பிள்ளைகளோடு தனியாக ஒருவர் இருக்கும் நிலை ஒருபோதும் வேண்டாம். வகுப்பு திறந்த இடத்தில், இருவருக்குக் குறையாமல், பெற்றோரின் சம்மதத்தோடும் அதிபருக்கும் கிராம அலுவலருக்கும் தெரிந்தும் நடக்கவேண்டும். இதைச் சந்தேகத்தால் எழுதவில்லை, பிள்ளைகளையும் உங்களையும் காப்பதற்காகவே எழுதுகிறேன். உங்களில் பிரயோக விஞ்ஞான பீடத்தவர்கள் இருந்தால் கிணற்று நீரைப் பற்றியும் யோசிக்கலாம். வவுனியா மாவட்டக் கிராமங்களில் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பரிசோதனை முடிவைக் கிராமத்தில் நீங்களே அறிவித்துப் பீதியை உண்டாக்கிவிடாமல், விரிவுரையாளரின் வழிகாட்டலோடு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஊடாகச் செய்யுங்கள்.

கேள்வி (மன்னாரிலிருந்து ஒரு வாசகி): மாணவர்கள் பொதி கொடுக்கிறார்கள், வகுப்பு நடத்துகிறார்கள். எங்கள் துன்பங்களுக்கு வேராக இருக்கும் அநீதியைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லையே? கத்தோலிக்க மாணவர்களுக்கு அது விலக்கப்பட்டதா?

பதில்: விலக்கப்பட்டதன்று, கட்டளையிடப்பட்டது என்றே சொல்லவேண்டும். 1973ஆம் ஆண்டில் ஸ்பெயினின் வலென்சியா நகரில், இயேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் முன்னிலையில் பேசிய அச்சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே, பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே நம் கல்வியின் நோக்கம் என்றும், நீதிக்காக உழைக்காத அன்பு உண்மையான அன்பாகாது என்றும் கூறினார். வசதியான குடும்பங்களிலிருந்து வந்திருந்த சிலருக்கு அது கசந்தது. 1980இல் இயேசு சபை அகதிகள் சேவையைத் தொடங்கியவரும் அவரே.

இதில் மாணவர்களே முன்னின்ற நிகழ்ச்சியொன்று வாஷிங்டன் நகரில் உள்ள ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அமெரிக்காவின் மிகப் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அது. 1838ஆம் ஆண்டில், அதை நடத்திவந்த மேரிலாந்து இயேசு சபையினர், தமக்கு அடிமைகளாக இருந்த 272 ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் லூசியானாவின் தோட்டங்களுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தின் ஒரு பகுதி நிறுவனத்தின் கடனைத் தீர்த்தது. இந்தப் பழைய பாவம் வெளிச்சத்துக்கு வந்தபின், மன்னிப்பும் பெயர்மாற்றங்களும் போதுமா என்று மாணவர்கள் கேட்டார்கள். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒவ்வோர் இளநிலை மாணவரும் தவணைக்கு 27 டொலர் 20 சதம் செலுத்தி, விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பயன்படும் நிதியொன்றை உருவாக்குவதா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். அந்தத் தொகை 272 என்ற எண்ணை நினைவூட்டுவதற்காகவே தெரிவுசெய்யப்பட்டது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். பல்கலைக்கழகம் அதைக் கட்டாயக் கட்டணமாக ஏற்கவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் டொலர் திரட்டி அந்தச் சமூகங்களுக்கு வழங்கும் நிதியொன்றைத் தானே அமைப்பதாக அறிவித்தது. வாக்களித்த மாணவர்கள் சிலருக்கு அதில் மனநிறைவு இல்லை, ஏனென்றால் கடனாகச் செலுத்தவேண்டியது நன்கொடையாக மாறிவிட்டது என்று அவர்கள் கருதினார்கள். என் மனம் அந்த மாணவர்களின் பக்கமே நிற்கிறது. 18, 19 வயதுப் பிள்ளைகள், தாம் செய்யாத, தாம் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் நடந்த ஒன்றுக்காகத் தம் சட்டைப்பையில் இருந்து கொடுக்கிறோம் என்று சொன்னது சிறிய விடயமன்று.

இங்கே என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயில் முன்றிலில், 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். இத்தகைய தாய்மாரிடம் போகும் மாணவர்கள் உரையாற்றவோ முன்வரிசையில் நிற்கவோ வேண்டியதில்லை. பக்கத்தில் அமர்ந்து கேட்கலாம். எத்தனையோ ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதிகள் கடதாசிப் பைகளில் கலைந்து கிடக்கின்றன. அவற்றைத் திகதி வாரியாக அடுக்கி, பிரதி எடுத்து, சிங்களத்தில் வந்த கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். காணி ஆவணம் தொலைத்தவர்களுக்கும் இதே உதவி தேவை. பொதி கொடுப்பதைவிட இது கடினமான வேலை. இதற்குப் படிப்பு வேண்டும், பொறுமை வேண்டும், சில வேளைகளில் துணிவும் வேண்டும்.

கேள்வி (முருங்கனிலிருந்து ஒரு மாணவர்): உதைபந்தாட்டப் போட்டி நடத்தி அறப்பணிக்குப் பணம் சேர்ப்பது சரியா?

பதில்: சரியே. அமெரிக்காவின் நொட்ரடாம் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்தும் குத்துச்சண்டைப் போட்டி 1931ஆம் ஆண்டு முதல் வங்காளத்தில், இன்றைய பங்களாதேஷில், திருச்சிலுவைச் சபையினர் ஆற்றும் பணிக்காகப் பணம் திரட்டி வருகிறது. அதில் எனக்குப் பிடித்தது, ஆண்டுக்கோர் இடம் என்று தாவாமல் இத்தனை காலமும் ஒரே மக்களோடு நின்றதும், பிற்காலத்தில் மாணவர் சிலர் அங்கேயே போய்த் தங்கிப் பணி செய்ததும். நீங்களும் ஒரு முன்பள்ளியையோ ஒரு கிராமத்தையோ தெரிவுசெய்து, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அதை மாற்றாதீர்கள். மைதானத்திலேயே வரவுசெலவை எழுதி ஒட்டுங்கள். சோடாவுக்குப் போன பணமும் அதில் இருக்கட்டும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணம் தனிப்பட்ட ஒருவரின் வங்கிக் கணக்குக்கு வரவே கூடாது.

கேள்வி (அக்கராயனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்): கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களில் படிக்கும் மாணவர்கள் சிலர் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த இடம் தேடுகிறார்கள். என் வீட்டு விறாந்தையைக் கொடுக்கலாமா? முன்னால் ஓலைப் பத்தியும் இறக்கியிருக்கிறேன். எனக்கு 71 வயது.

பதில்: கட்டாயம் கொடுங்கள், ரீச்சர். வகுப்பு நடக்கும்போது நீங்களும் கதிரையைப் போட்டு அங்கேயே இருங்கள். பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல், அந்த மாணவர்களுக்கும் பாடஞ்சொல்லும் கலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. கிணற்றுக் கட்டுக்கு வலை போடுங்கள். மலசலகூடத்தின் கதவுக்குக் கொழுக்கி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பெண்பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுவார்கள். வகுப்பு இருட்டுமுன் முடியவேண்டும். தேநீர் கொடுக்கவேண்டுமென்று நீங்கள் விரும்புவீர்கள், ஆனால் வாரந்தோறும் இருபது பேருக்கு உங்கள் ஓய்வூதியம் தாங்காது. சீனியையும் தேயிலையையும் மாணவர்களே கொண்டுவரட்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் பத்தியின் ஓலையை மாற்றிவிடும்படி அவர்களிடமே சொல்லுங்கள்.